எந்தத் துளை வழியே சென்றது?

(குவாண்டம் இயற்பியல்: ஒரு தொடக்கப் பாடம்)

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாமாண்டு

முன்னுரை

கல்லூரி மலரில் எழுதுவோர் தமக்கு நன்கு தெரிந்த பொருளையே தேர்ந்தெடுப்பது வழக்கம். நானோ, எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்து, தெரியவில்லை என்று பின்னர் உணர்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதனைத் தெரிந்துகொண்ட வழியையே இங்குக் கட்டுரையாக்குகிறேன். மற்றத் துறை நண்பர்களும் படிக்கவேண்டும் என்பதால் கணக்கைக் குறைத்திருக்கிறேன், கருத்தைக் குறைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தந்தையார் மறைந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தார். அவர் ஏர் பிடித்ததால்தான் நான் ஏடு பிடித்தேன். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது ஒருநாள் இரவு மோட்டார்க் கொட்டகையில் இருவரும் மும்முனை மின்சாரத்திற்காகக் காத்திருந்தோம்.

“மூணு வருஷமாப் படிக்கிறியே தம்பி, அப்படி என்னதான் படிக்கிறே? எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லேன்” என்றார் அண்ணன்.

நான் உற்சாகத்துடன் குவாண்டம் இயக்கவியலைத் தொடங்கினேன். எலக்ட்ரான் துகளாகவும் நடந்துகொள்ளும், அலையாகவும் நடந்துகொள்ளும். இரண்டு துளைகள் உள்ள தடுப்பை அதன் முன் வைத்தால், அது எந்தத் துளை வழியே சென்றது என்று சொல்லமுடியாது என்றேன். அண்ணன் குறுக்கிட்டார்.

“சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்? ஏதோ ஒரு வழியாத்தானே போயிருக்கணும்? நமக்குப் பார்க்கத் தெரியலை, அவ்வளவுதானே?”

“அப்படியில்லை அண்ணே” என்றேன்.

“பின்னே எப்படி?”

பாடநூலில் இருந்த வரிகளை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது புஸ்தகம் பேசுது தம்பி. நீ சொல்லு” என்றார். என்னால் சொல்ல இயலவில்லை. சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போய்விட்டார்.

இதே பொருள் பற்றிய வினாவுக்குக் கல்லூரித் தேர்வில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த ஒன்பது மதிப்பெண் அன்றிரவு எனக்கு உதவவில்லை. அண்ணனுக்கு விடை சொல்ல எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அவ்விடையைப் படிப்படியாகக் காண்போம்.

பொட்டலங்களாக வரும் ஆற்றல்

கொல்லன் உலையில் இட்ட இரும்பு முதலில் சிவந்தும், பின்னர் மஞ்சளாகவும், மேலும் சூடேற வெண்மையாகவும் ஒளிர்வதை யாவரும் அறிவோம். எந்த வெப்பநிலையில் எந்த நிற ஒளி எவ்வளவு வெளிப்படும் என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டு இறுதிவரை இருந்த இயற்பியலால் சரியான விடை தர முடியவில்லை. அக்கொள்கைப்படி கணக்கிட்டால், அதிர்வெண் கூடக் கூட வெளிப்படும் ஆற்றலும் எல்லையின்றிக் கூடிக்கொண்டே போகும். அப்படியாயின் எரியும் அடுப்பின் முன் ஒருவரும் நிற்கமுடியாது!

1900ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பெர்லினில் ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் கூட்டத்தில் மாக்ஸ் பிளாங்க் இதற்கு ஒரு தீர்வு கூறினார். ஆற்றல் நீர்போல் தொடர்ச்சியாக வழங்கப்படுவதன்று. பொட்டலங்களாகவே வழங்கப்படுகிறது என்று கொண்டால் கணக்குச் சரியாகிறது. ஒரு பொட்டலத்தின் ஆற்றல், ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறா எண்ணால் பெருக்கிவரும் தொகையாகும். அந்த எண்ணே பிளாங்க் மாறிலி. அதன் மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல்-விநாடி. இன்று நாம் கிலோகிராம் என்று சொல்லும் அளவே இம்மாறிலியைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது.

இந்த எண் எவ்வளவு சிறியது என்பதை நம் இருட்டறையிலுள்ள சோடிய விளக்கைக் கொண்டே உணரலாம். ஒரு வாட் அளவு சோடிய மஞ்சள் ஒளியில் விநாடிக்கு ஏறத்தாழ 3 × 10¹⁸ பொட்டலங்கள் வருகின்றன. மணல் குவியலைத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மணிகள் தெரியாததுபோல நமக்கு ஒளி தொடர்ச்சியாகவே தோன்றுகிறது.

பிளாங்க் தயக்கத்தோடு சொன்னதை ஐன்ஸ்டீன் 1905இல் துணிவோடு எடுத்துக்கொண்டார். உலோகத்தின்மீது ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன; இது ஒளிமின் விளைவு. சிவப்பொளியை எவ்வளவு கூட்டினாலும் வெளிவராத எலக்ட்ரான், மங்கிய புறஊதா ஒளியில் உடனே வெளிவருகிறது. காரணம் எளிது. பத்து ரூபாய்ப் பொருளை ஐந்து ரூபாய் வைத்திருப்பவர் ஆயிரம் பேர் தனித்தனியே வந்தாலும் வாங்க இயலாது. பதினைந்து ரூபாயோடு ஒருவர் வந்தால் போதும்; பொருளும் கிடைக்கும், மீதமும் இருக்கும். சிவப்பொளியின் ஒரு பொட்டலத்திற்கு அந்த விலையில்லை. புறஊதாப் பொட்டலத்திற்கு உண்டு. இக்கருத்தை ஏற்காத மில்லிக்கன் பல ஆண்டுகள் ஆய்ந்து, 1916இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடு சரியென்றே அளந்து காட்டினார். ஒளிப் பொட்டலத்திற்குப் பின்னாளில் ஃபோட்டான் என்ற பெயர் நிலைத்தது.

துகளுக்கும் உண்டு அலைநீளம்

ஆனால் ஒளி அலை என்பதும் பொய்யன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமஸ் யங் குறுக்கீட்டு விளைவைக் காட்டி அதனை நிலைநாட்டிவிட்டார். நாமும் நியூட்டன் வளையங்களையும் கீற்றணி நிறமாலையையும் செய்முறை வகுப்பில் கண்ணாரக் காண்கிறோம். அலையென்று கருதிய ஒளி துகளாகவும் நடந்துகொண்டால், துகளென்று கருதிய எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளுமோ?

1924இல் பாரிசில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் லூயி டி பிராய் அவ்வாறே கூறினார். பிளாங்க் மாறிலியைத் துகளின் உந்தத்தால் வகுத்தால் அதன் அலைநீளம் கிடைக்கும் என்பது அவர் கண்ட வாய்பாடு. 1927இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் 54 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களை நிக்கல் படிகத்தின்மீது செலுத்தினர். 50 பாகைக் கோணத்தில் அவை மிகுதியாகச் சிதறின. அக்கோணத்திலிருந்து கணக்கிட்ட அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம், டி பிராயின் வாய்பாடு தரும் அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம். அதே காலத்தில் ஜி. பி. தாம்சனும் மெல்லிய தகடுகளின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி அலைப்பண்பைக் கண்டார். எலக்ட்ரான் ஒரு துகள் என்று 1897இல் காட்டியவர் அவருடைய தந்தை ஜே. ஜே. தாம்சன். தந்தை, மகன் இருவருமே நோபல் பரிசு பெற்றனர். இருவர் சொன்னதும் உண்மை!

அப்படியானால் கிரிக்கெட் பந்துக்கு ஏன் அலைப்பண்பு தெரிவதில்லை? 160 கிராம் பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.4 × 10⁻³⁴ மீட்டர். அணுக்கருவின் குறுக்களவே 10⁻¹⁵ மீட்டர் அளவில்தான் இருக்கிறது. எனவே அந்த அலையை உணர்த்தும் துளையும் இல்லை, கருவியும் இல்லை.

ஒவ்வொன்றாய் வந்தும் வரிகள்

இப்போது அண்ணன் கேட்ட துளைகளுக்கு வருவோம். ஒரு தகரத்தில் இரண்டு நீண்ட குறுகிய துளைகளை இட்டு மேலிருந்து மணலைத் தூவினால், கீழே இரண்டு குவியல்கள் விழும். ஒரு துளையை மூடினால் ஒரு குவியல். இரண்டையும் திறந்தால் இரண்டு குவியல்களின் கூட்டு. வேறொன்றும் நிகழாது.

ஏரியில் இரண்டு கற்களை அருகருகே எறிந்து பாருங்கள். இரு அலைவட்டங்களும் ஒன்றையொன்று கடக்கும்போது, மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் நீர் உயர்ந்தெழும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் நீர் அசையாது நிற்கும். ஒளியும் இரண்டு துளைகள் வழியே வந்து திரையில் இவ்வாறே ஒளிவரியும் இருள்வரியுமாக விழுகிறது.

எலக்ட்ரானை அனுப்பினால்? 1961இல் ஜெர்மனியில் கிளாஸ் யோன்சன் மிக நுண்ணிய துளைகளின் வழியே எலக்ட்ரான் கற்றையை அனுப்பி வரிகளைப் பெற்றார். ஒரு கூட்டமாக வரும் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதியோ தள்ளியோ வரிகளாகியிருக்கலாம் என்று ஒருவர் ஐயுறலாம். ஆகவே ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கவேண்டும்.

ஒளிக்கு இதனை 1909இலேயே செய்தவர் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர். வாயு விளக்கின் சுடரைப் புகைபடிந்த கண்ணாடிகளால் மங்கச் செய்து, ஓர் ஊசியின் நிழலைப் படத்தகட்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் பதியவிட்டார். அவ்வளவு மங்கிய ஒளியிலும் வரிகள் தெளிவாகவே விழுந்தன.

எலக்ட்ரானுக்கு ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தின் டோனோமுராவும் குழுவினரும் செய்து 1989இல் வெளியிட்ட சோதனை மிகவும் தெளிவானது. அதில் துளைகளுக்குப் பதிலாக, மின்னூட்டம் பெற்ற மெல்லிய கம்பி ஒன்று. எலக்ட்ரான் அதன் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ வரலாம். கருவிக்குள் ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானுக்கு மேல் இருப்பது அரிது என்னும் அளவுக்கு அவற்றை மெல்ல விட்டனர். முதலில் பத்துப் பதினோரு புள்ளிகள், வானத்து மீன்கள்போல ஒழுங்கின்றி விழுந்தன. 200 ஆனபோதும் ஒழுங்கு தெரியவில்லை. 6000 ஆனபோது ஏதோ கோடுகள்போலத் தோன்றின. 40,000இல் வரிகள் தெரிந்தன. 1,40,000இல் ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்தன.

இங்குதான் நாம் நின்று நிதானிக்கவேண்டும். ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. பாதி எலக்ட்ரானை யாரும் கண்டதில்லை. எனினும் தனியாக வந்த அவ்வெலக்ட்ரான், இரண்டு வழிகளும் திறந்திருந்தால் எங்கே விழக்கூடாதோ அந்த இருள்வரியைத் தவிர்க்கிறது. ஒரு வழியை மூடிவிட்டால் அந்த இடத்திலும் விழுகிறது. ஒரு வழியே மட்டும் சென்றது என்றால், மற்ற வழி திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது அதனை எப்படிப் பாதித்தது? எந்த வழியே செல்கிறது என்று கண்டறியும் கருவி ஒன்றை வைத்தால், அது கண்டறிகிறது. ஆனால் வரிகள் மறைந்து, மணல் குவியல்போலவே ஆகிவிடுகின்றன.

கூட்டலில் உள்ள புதுமை

1925இல் ஹெய்சன்பர்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் வெவ்வேறு வழிகளில் புதிய இயக்கவியலை அமைத்தனர். ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் வரும் அலை என்ன அலை என்பதற்கு மாக்ஸ் போர்ன் 1926இலேயே விளக்கம் தந்தார். அது நீரலைபோல் ஒரு பொருளின் அசைவன்று. ஓரிடத்தில் அலையின் வீச்சை வர்க்கப்படுத்தினால், எலக்ட்ரான் அவ்விடத்தில் காணப்படுவதற்கான நிகழ்தகவு கிடைக்கும்.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். முதல் துளை மட்டும் திறந்திருந்தால் திரையில் ஓரிடத்தில் வீச்சு 1 என்று கொள்வோம், வர்க்கமும் 1. இரண்டாம் துளை மட்டும் என்றாலும் அவ்வாறே. மணலாயின், இரண்டும் திறந்தால் 1 + 1 = 2. எலக்ட்ரானுக்கு அப்படியன்று, முதலில் வீச்சுகளைக் கூட்டவேண்டும், பிறகே வர்க்கப்படுத்தவேண்டும். மேடும் மேடும் சேரும் இடத்தில் வீச்சு 1 + 1 = 2; வர்க்கம் 4. மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் 1 − 1 = 0; வர்க்கமும் 0. ஓரிடத்தில் நான்கு, மற்றோரிடத்தில் சுழி. சராசரி அதே இரண்டு. எலக்ட்ரான் எதுவும் தொலைந்துபோகவில்லை. விழும் இடங்கள்தாம் மாறியுள்ளன.

நாம் அன்றாடம் அறிந்த நிகழ்தகவில் கழித்தல் கிடையாது. ஓர் ஊருக்கு இரண்டு பாதைகள் இருந்தால், வந்து சேரும் ஆட்கள் கூடுவார்களே தவிர, இரண்டாவது பாதை திறந்ததால் ஒருவரும் வராமற்போவதில்லை. குவாண்டம் உலகில் இரண்டாவது பாதையைத் திறந்ததால் ஓரிடத்திற்கு வருவோர் எண்ணிக்கை சுழியாகிறது. இந்தப் பாடம் முழுவதிலும் புதுமை இந்த ஓரிடத்தில்தான் உள்ளது என்று எங்கள் பேராசிரியர் கூறுவார்.

‘ஐயப்பாடு’ என்னும் சொல்

1927இல் ஹெய்சன்பர்க் கூறிய கொள்கையை நாம் ஐயப்பாட்டுக் கொள்கை என்று படிக்கிறோம். ஒரு துகளின் இருப்பிடத்திலுள்ள பரவலையும் உந்தத்திலுள்ள பரவலையும் பெருக்கினால், அத்தொகை பிளாங்க் மாறிலியை 4π ஆல் வகுத்து வரும் அளவுக்குக் குறையாது என்பது அதன் சாரம்.

ஒரு கிராம் எடையுள்ள கூழாங்கல்லின் இருப்பிடத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியமாக நிறுத்தினாலும், வேகத்தில் எழும் பரவல் விநாடிக்கு 5 × 10⁻²⁶ மீட்டர் அளவே. பேரண்டத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் கடந்தாலும் அதனால் ஏற்படும் நகர்ச்சி தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் ஓர் எலக்ட்ரானை அணுவின் அளவான 10⁻¹⁰ மீட்டருக்குள் அடக்கினால், அதன் வேகத்திலுள்ள பரவல் விநாடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர்!

நம் ஆய்வகத்திலேயே இதன் சாயலைக் காணலாம். ஒளியின் முன்னுள்ள பிளவைக் குறுக்கக் குறுக்க, விளிம்பு விளைவால் திரையில் ஒளி பக்கவாட்டில் அகலமாகப் பரவுகிறது. வழியை நெருக்கினால் திசை சிதறுகிறது.

இங்கே ஒரு சொல் என்னை ஏமாற்றியிருந்தது. ‘ஐயப்பாடு’ என்பது மனிதனின் மனத்தில் எழுவது. பொருள் ஓரிடத்தில் உறுதியாக இருக்க, அதனை அறியாதவனுக்கே ஐயம். அச்சொல்லைப் படித்துப் படித்து, அளக்கும் கருவி தட்டிவிடுவதால் நமக்குச் சரியாகத் தெரியாமற்போகிறது என்றே நான் விடைத்தாளில் எழுதியிருந்தேன். ஹெய்சன்பர்க் கையாண்ட ஜெர்மன் சொற்களுள் ஒன்றுக்கு ‘வரையறுக்கப்படாமை’ என்பதே பொருள். அதாவது, குறை நம் அறிவில் என்பதைவிட, அப்படியொரு வரையறுத்த மதிப்பே அங்கு இல்லை என்பது. நான் எழுதியது உண்மையில் அண்ணன் சொன்னதேதான்! “நமக்குப் பார்க்கத் தெரியலை, அவ்வளவுதானே?”

அண்ணன் கேட்டதும் ஐன்ஸ்டீன் கேட்டதும்

விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் பேராசிரியரிடம் இதனைச் சொன்னேன். மதிப்பெண் வாங்கியும் புரியாமலிருந்தது வெட்கமாக இருக்கிறது என்றேன். அவர் எனக்கு ஒரு வரலாற்றைச் சொன்னார். 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைச் சென்று கண்டு, தாங்கள் எழுதிய அணு அமைப்பு நூலைப் படித்திருக்கிறேன் என்றார். அந்நூலிலுள்ள குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்பெல்டு கூறினார். உலோகங்களிலுள்ள எலக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதியிருந்த புதுக்கட்டுரையின் அச்சுப்படியையும் தந்தார். அம்மாணவர் சோர்ந்துவிடவில்லை. புதியதைக் கற்று, மறு ஆண்டே இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். அவரே 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். “கற்றது போதாது என்று தெரிந்த நாள் நல்ல நாள்தான்” என்று பேராசிரியர் சிரித்தார்.

பிறகு, “உன் அண்ணன் கேட்டதைத்தான் ஐன்ஸ்டீனும் கேட்டார்” என்றார். குவாண்டம் இயக்கவியல் தரும் விடைகள் தவறென்று ஐன்ஸ்டீன் சொல்லவில்லை. அது முழுமையற்றது என்றே சொன்னார். 1935இல் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் எழுதிய கட்டுரையின் கருத்தும் அதுவே. துகள் தன்னிடம் உறுதியான மதிப்புகளைக் கொண்டே செல்கிறது. நம் கொள்கைக்கு அவை தெரியவில்லை. நீல்ஸ் போர் அதனை மறுத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இது தத்துவச் சண்டையாகவே கருதப்பட்டது. 1964இல் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த ஜான் பெல், இதனைச் சோதனைச்சாலையில் தீர்க்கலாம் என்று காட்டினார்.

மூன்று கேள்விகள்

பெல்லின் கருத்தைத் தேர்வு மண்டப உவமையால் விளக்குகிறேன். இரட்டையர் இருவர் தனித்தனி மண்டபங்களில் அமர்ந்துள்ளனர். வினாக்கள் மூன்றே, விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. ஒவ்வொரு மண்டபத்திலும் கண்காணிப்பாளர் மூன்றில் ஏதேனும் ஒன்றை, தம் விருப்பம்போல் கேட்கிறார். இருவருக்கும் ஒரே வினா அமைந்தபோதெல்லாம் இருவர் விடையும் தவறாமல் ஒன்றாகவே இருக்கிறது. பல நாள் பார்த்தும் இதில் மாற்றமில்லை. இருவரும் பேசிக்கொள்ள வழியுமில்லை. இதன் பொருள் என்ன? மண்டபத்துக்குள் வருமுன்பே, மூன்று வினாக்களுக்கும் இன்னின்ன விடை என்று பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதானே?

அப்படிப் பேசிவைத்திருந்தால், வெவ்வேறு வினாக்கள் அமையும்போது எத்தனை முறை விடைகள் ஒத்துப்போகும்? மூன்று வினாக்களுக்கு இரண்டே விடைகள். ஆகவே மூன்றில் இரண்டுக்காவது ஒரே விடையாக இருந்தே தீரும். மூன்றுக்கும் ஒரே விடையென்றால், எந்த இரு வினாக்களிலும் ஒத்துப்போகும். இரண்டுக்கு ஒன்றும் மற்றதற்கு வேறுமென்றால், மூன்று இணைகளில் ஓர் இணை ஒத்துப்போகும். எனவே எவ்வளவு தந்திரமாகப் பேசிவைத்தாலும், ஒத்துப்போவது மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது நூற்றுக்கு 33க்குக் குறைய முடியாது.

இரட்டையருக்குப் பதில், ஓர் அணுவிலிருந்து ஒன்றாகப் பிறந்து எதிரெதிரே செல்லும் இரண்டு ஃபோட்டான்களைக் கொள்ளுங்கள். வினா என்பது வழியிலுள்ள போலராய்டுத் தகட்டின் சாய்வு: 0, 60, 120 பாகைகள். தகட்டைக் கடந்தால் ‘ஆம்’, கடக்காவிடில் ‘இல்லை’. இரண்டு தகடுகளும் ஒரே சாய்வில் இருந்தால் விடைகள் எப்போதும் ஒன்றே. சாய்வுகள் வேறாயின், ஒத்துப்போகும் நிகழ்தகவு 60 பாகையின் கொசைனுக்கு வர்க்கம் என்று குவாண்டம் இயக்கவியல் கூறுகிறது. அரையின் வர்க்கம் கால், நூற்றுக்கு 25. பேசிவைத்தவர்களால் 33க்குக் கீழே இறங்க முடியாது. இயற்கை 25க்கு இறங்கும் என்கிறது குவாண்டம் கொள்கை. இரண்டில் எது சரி?

1972இல் அமெரிக்காவில் கிளாசரும் பிரீட்மனும் முதல் சோதனையைச் செய்தனர். 1982இல் பாரிசை அடுத்த ஒர்சேயில் அலென் ஆஸ்பே, ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே வினாவை மாற்றும் ஏற்பாட்டுடன் செய்தார். 2015இல் நெதர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும், மீதமிருந்த முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்துச் செய்தனர். அச்சோதனைகளில் எடுத்துக்கொண்ட கோணங்களும் கணக்கின் வடிவமும் நான் மேலே தந்ததினின்றும் சற்று வேறுபடும், கருத்து ஒன்றே. எல்லாவற்றிலும் குவாண்டம் இயக்கவியலின் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆஸ்பே, கிளாசர், ஆஸ்திரியரான சைலிங்கர் மூவருக்கும் 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றை நேர்மையுடன் கூறவேண்டும். துகளுக்கு உறுதியான பாதை உண்டு என்று கொள்ளும் கொள்கையொன்றை டேவிட் போம் 1952இல் அமைத்தார். அதுவும் சோதனைகளோடு முரண்படுவதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஓரிடத்தில் நிகழ்வது எவ்வளவு தொலைவிலுள்ள துகளையும் அந்த நொடியே பாதிக்கும் என்று ஏற்கவேண்டும். ஐன்ஸ்டீன் விரும்பியது அதுவன்று. தனித்தனியே, தத்தம் விடையைத் தத்தம் மடியில் கட்டிக்கொண்டு செல்லும் துகள்கள் என்ற எளிய எண்ணத்துக்கு மட்டும் இனி இடமில்லை.

முடிவுரை

ஏப்ரலில் ஊருக்குச் சென்றபோது, அதே கொட்டகையில் அண்ணனிடம் மூன்று கேள்விகளின் கதையைச் சொன்னேன். இம்முறை அவர் குறுக்கிடவில்லை. ஒரு குச்சியை எடுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் மண்ணில் கோடு கிழித்தார். ஆம், ஆம், இல்லை. ஆம், இல்லை, ஆம் என்று எட்டு விதத்தையும் தாமே எழுதிப் பார்த்தார். எப்படியாவது 33க்குக் கீழே கொண்டுவர முயன்றார். வரவில்லை.

“நெசமாவே இருபத்தஞ்சுதான் வருதா?”

“ஆமாம் அண்ணே. அளந்து பார்த்திருக்காங்க.”

“அப்போ பேசிவெச்சுட்டுப் போகலை.”

“போகலை.”

“பின்னே எப்படித்தான் போகுது?”

“அதை எப்படி எடுத்துக்கணும்னு பெரியவங்களுக்குள்ளேயே இன்னும் ஒரு முடிவில்லை. கணக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தப்பலை” என்றேன்.

அண்ணன் மண்ணில் எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கும் தெரியாதுன்னுதான் சொன்னே. இது வேற தெரியாது” என்றார். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது.

அண்ணன் கையிலிருந்த எல்.இ.டி. விளக்கு குறைகடத்தியால் ஆனது. அக்குறைகடத்தியில் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறதோ, அந்த அளவுள்ள பொட்டலமாகவே ஒளி வெளிப்படுகிறது. நாம் இதுகாறும் கண்ட பாடமே அவருடைய வயல் வரப்பில் வழிகாட்டுகிறது. அவ்விளக்கை எனக்கு முன்பிருந்தே பயன்படுத்திவரும் ஒருவருக்கு அப்பாடத்தை அவர் மொழியில் சொல்ல, எனக்கு மூன்று ஆண்டுப் படிப்பும் ஒரு தோல்வியும் தேவைப்பட்டன.

நண்பர்களே, இதனால் நான் கற்ற பழக்கம் ஒன்றுண்டு. ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், தேர்வில் எப்படி எழுதுவது என்று எண்ணுமுன், வீட்டிலுள்ள ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்று எண்ணிப் பார்க்கிறேன். சொல் தடுக்குமிடத்தில் என் அறிவும் தடுக்குகிறது என்று அறிந்து, அங்கிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குகிறேன். நீங்களும் அவ்வாறு செய்து பாருங்கள். வீட்டில் அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அஞ்சவேண்டாம். நூலகமும் ஆசிரியர்களும் நமக்கு இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை ஐன்ஸ்டீனும் கேட்டிருக்கக்கூடும்.